இருநூற்றுப் பதினான்கு பேரின் அளவுகள்

ஜூலை 19, சனி

இந்தக் குறிப்பேடு கம்ப்யூட்டர் சர்வர் வேலைக்கு மட்டும்.

போன மாதம் கோயம்புத்தூரில் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, "நீங்களா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். மூன்று வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து எழுபத்தெட்டு சதவீதம் வாங்கியவளிடம் அதற்குப் பதில் இல்லை. இருந்திருந்தாலும் வாய் திறந்து சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். அடுத்த முறை யாராவது கேட்டால் பேசாமல் இந்த நோட்டை நீட்டிவிடலாம். அதனால் வீட்டுச் சமாச்சாரம் எதுவும் இதில் வராது.

இன்று செய்தது: பேருந்து நிலையம் அருகே மூடிக்கொண்டிருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தேன். உள்ளே பஞ்சுத் தூசி, இரண்டு பல்லி முட்டை. குமாரபாளையத்தில் எதைத் திறந்தாலும் தறிப் பஞ்சு இருக்கும். துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டேன். பாதியில் ஒரு கேள்வி வந்தது: டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கலாமா? ஆம் என்றேன். ஒரு ரகசிய வாக்கியம் கேட்டது. கொடுத்தேன். இனி கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை அடித்தால்தான் பெட்டி கண் திறக்கும். வாக்கியத்தை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

மானிட்டர் இல்லாததால் டி.வி.யில் வயரைச் சொருகிப் பார்த்தேன். அம்மாவின் சீரியல் அரை மணி நேரம் போயிற்று.

"எனத்தடி இது, டி.வி. பூரா கருப்புல வெள்ளை எழுத்து? சாவுச் சேதியாட்ட?"

வைத்த இடம்: பின்னறை, அக்காவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில். அக்கா ஆடிக்கு வந்திருக்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

நெட் வழியாகப் பெட்டிக்குள் நுழையும் வழிகளில் தேவையில்லாதவற்றையெல்லாம் அடைத்தேன். கூடவே நான் என் லேப்டாப்பிலிருந்து உள்ளே போகும் வழியையும் அடைத்துவிட்டேன். அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்றவற்றை அடைக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. படித்தும் இருந்தேன். மறுபடி டி.வி., மறுபடி அம்மா.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. இனி கடவுச்சொல் அடித்து யாரும் பெட்டியின் உள்வேலையில் கை வைக்க முடியாது. என் லேப்டாப்பில் இருக்கும் சாவிக்கோப்பு வேண்டும். அது இந்த உலகத்தில் ஒன்றுதான்.

ஜூலை 21, திங்கள்

மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை தறிச் சத்தம் இல்லை. ஊரே காது கேளாதது போல இருந்தது. எதிர்வீட்டு சரசக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி அம்மாவிடம் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

"கண்ணாலமாகி அஞ்சு வருசத்துக்குப் பொறவும் ஆடிக்கு அனுப்பி வெக்கற மாமியா ஊடு உம்பட புள்ளைக்கு மட்டுந்தான் வாச்சிருக்குது போ."

"நல்ல மனசுக்காரவிய" என்றாள் அம்மா.

அக்கா மிஷின் ஓட்டுவதை நிறுத்தவில்லை. கால் மிஷின், கரண்ட் வேண்டாம்.

ஜூலை 22, செவ்வாய்

நோட்டில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சர்வர் எதற்கு என்று எழுதவில்லை. நேர்முகத் தேர்வில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். வேண்டியதைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். கேட்பது யார் என்று பார்த்துவிட்டுக் கொடுக்கும்.

என் அக்கா வளர்மதி ஆரி வேலை ப்ளவுஸ் தைப்பவள். சங்ககிரி, பவானி, பள்ளிபாளையம் என்று இருநூற்றுப் பதினான்கு பேர் அவளிடம் தைக்கிறார்கள். பாதிப் பேர் நேரில் வருவதில்லை. அளவு எழுதி அனுப்புவார்கள். போன தடவை தைத்தது எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று போட்டுப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். முதுகுப் பக்கம், தோள், கை. பெண்ணுக்குப் பெண் அனுப்புவது. ஐந்து வருடத்து அளவுகளும் படங்களும் அக்காவின் போனில்தான் இருக்கின்றன. அவற்றைப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அக்காவின் வீட்டுக்காரர் தினகரன் மாமாவுக்குச் சங்ககிரியில் மொபைல் கடை. அப்பா, அம்மா, நான், அக்கா, எல்லோருடைய போனும் அவர் கடையில் வாங்கியது. மெயில் கணக்கு திறந்தது, கடவுச்சொல் வைத்தது, வீட்டில் ரௌட்டர் மாட்டியது, எல்லாம் அவர்தான். எந்தக் கணக்கு மறந்துபோனாலும் மீட்கும் எண் அவருடைய எண். "நம்ம மாப்ள இருக்கறப்ப நமக்கெதுக்குக் கவலை" என்று அப்பா தறிப் பட்டறையில் சொல்லிக்கொள்வார். உண்மைதான். கவலைப்படும்படி நாங்கள் எதையுமே தெரிந்து வைத்திருக்கவில்லை.

இன்று அக்காவின் கணக்கைத் திறந்து, எந்தெந்தக் கருவியில் அது ஓடுகிறது என்று பார்த்தேன். மூன்று. ஒன்று அக்காவின் போன். மற்ற இரண்டும் சங்ககிரியில் இருந்தன.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, திரையை அக்காவிடம் காட்டினேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்த்தாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அம்மா காவிரிக்குப் போய்விட்டாள். கூடுதுறைப் பக்கம் கூட்டமாம். திரும்ப மதியம் ஆகும்.

அக்காவின் போனைக் காற்றிலிருந்து துண்டித்தேன். சிம் இல்லை, வைஃபை இல்லை. வயரில் இணைத்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு இறக்கினேன். ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள். சின்னச் சின்னச் சதுரங்களாகத் திரையில் ஓடின. நான் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் சொவத்தப் பாக்கற?"

"எனக்கு அனுப்புனது இல்லியே."

அக்கா எழுந்துபோய் எனக்கும் சேர்த்து டீ போட்டாள். அக்கா வந்து பதிமூன்று நாளாகிறது. அவளாக அடுப்படிக்குப் போனது இன்றுதான்.

ஜூலை 27, ஞாயிறு

கடவுச்சொல் மாற்றும் நாள். முதலில் ரௌட்டர். பிறகு அப்பா, அம்மா, நான். மீட்கும் எண்ணாக அவரவர் எண்ணையே போட்டேன். அக்காவின் கணக்கிலிருந்து சங்ககிரிக் கருவிகள் இரண்டையும் வெளியேற்றி, கடைசியாக அவருடைய எண்ணை எடுத்தேன்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "மாப்ள நம்பர எடுத்துப்போட்டா அவரு எனத்த நெனப்பாரு?"

"இது நம்ம போன்தானம்மா."

"அவரு வாங்கிக் குடுத்ததுடி."

"அப்பா காசு குடுத்து வாங்குனது."

இவ்வளவு நீளமாக நான் அம்மாவிடம் வாதாடியதில்லை. அம்மாவும் கவனித்துவிட்டாள். "படிச்ச வாயி பேசுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா போன பிறகு, அக்கா தைத்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒரு நா ராத்திரி சோறு உண்டுட்டு இருந்தாரு. அந்த மேட்டுத்தெரு டீச்சரம்மா இல்ல, அவிய கடைக்கு ரீசார்ஜுக்கு வந்தாங்களாமா. 'பாத்தா சாதுவா இருக்குது, முதுகுல எத்தாப் பெரிய மச்சம்'னாரு. சொல்லிப்போட்டு ரசம் ஊத்தச் சொன்னாரு. நா ஊத்துனேன்."

அடுத்த நாள் காலை ஏழு மணி பஸ்ஸில் அக்கா இங்கே வந்துவிட்டாள். அப்போது ஆடியே பிறக்கவில்லை.

இனி சர்வர் வேலைக்கு வருகிறேன். விதி: வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி இருக்க வேண்டும். சின்ன டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் பூட்டி நகலெடுத்து, சரசக்கா வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன்.

"இதுக்குள்ள எனத்த, நகையா?"

"அதாட்டத்தானுங்க்கா."

"அப்ப எம்பட நகையவும் உள்ள போடு, திருடன் ரெண்டையும் ஒண்ணா எடுத்துட்டுப் போகட்டும்."

ஜூலை 30, புதன்

பெட்டி ஓடுகிறது. அக்காவின் புது சிம் போட்ட போனில் ஒரு பக்கம் திறக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். ஐந்து முறை தப்பாக அடித்தால் அந்தக் கருவிக்கு ஒரு மணி நேரம் கதவு அடைபடும். ஒவ்வொரு தப்புக்கும் என் போனுக்குத் தகவல் வரும். நானே ஐந்து முறை தப்பாக அடித்துப் பார்த்தேன். என்னையும் விடவில்லை. சந்தோஷமாக இருந்தது.

பெட்டியின் முகவரி எண்ணை அக்காவுக்காகக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்தேன். முகவரி தெரிவதில் தப்பில்லை. எங்கள் வீட்டு முகவரி தபால்காரருக்கும் தெரியும்.

சரசக்கா வீட்டுப் பிரதியைப் புதுப்பித்தேன்.

ஜூலை 31, வியாழன்

அப்பா போனில் அழைத்துவிட்டார். ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளை வருகிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஊரே ஆற்றுக்குப் போயிற்று. அம்மா அக்காவையும் கூப்பிட்டாள். புது மஞ்சள் கயிறு வாங்கித் தட்டில் வைத்திருந்தாள். அக்கா, "ஒரு அவசர ப்ளவுஸ் இருக்குதும்மா" என்று சொல்லி மிஷினை விட்டு எழவில்லை. கயிறு தட்டிலேயே இருந்தது.

பன்னிரண்டரைக்குத் தினகரன் மாமா வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, கையில் ஒரு கிலோ லட்டு. அப்பா வாசல் வரைக்கும் போய், "வாங்க மாப்ள, வாங்க, வெயில்ல வந்தீங்களாட்ட இருக்குது" என்று பைக்கை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கொழுந்தியா, பெரிய இன்ஜினீயர் ஆயிட்டியாமா?"

நான் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அம்மா இலை போட்டாள். தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், வடை, பாயசம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மாப்ள, பாப்பா ஒரு மிஷினு பண்ணி வெச்சிருக்கறா பாருங்க. வளரு தெக்கற அளவு, போட்டோ எல்லாம் அதுக்குள்ளயே போயிருதாமா."

"அப்படீங்களா அத்தை? பாக்கலாமே. வைஃபை பாஸ்வேர்ட் மாத்திட்டீங்களாட்ட இருக்குது?"

மாப்பிள்ளை கேட்டால் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அம்மா என் நோட்டைத் தேடிப் பிடித்து வைஃபை கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினாள். எழுதி வைத்தது என் தப்பு. மாமாவின் கண் காலண்டர் அட்டைக்குப் போனதையும் அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன்.

1.10க்கு என் போன் அதிர்ந்தது. 'வளர்மதி' என்ற பெயரில் ஒருவர் நுழையப் பார்த்து முடியவில்லை. எட்டடி தள்ளி மாமா இடது கையால் போனில் அடித்துக்கொண்டு, வலது கையால் வடையைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது முயற்சி. அம்மா பாயசம் ஊற்றினாள். மூன்றாவது. "போதுங்க அத்தை." நான்காவது முயற்சிக்கு ரொம்ப நேரம் யோசித்தார். அக்காவின் பழைய கடவுச்சொற்களையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஐந்தாவது.

கதவு அடைபட்டது.

போனைத் திருப்பிப் பார்த்தார், தட்டினார், அணைத்துப் போட்டார். "நெட்டு நின்னு போச்சாட்ட இருக்குதுங்க அத்தை."

"இல்லீங்களே மாப்ள, டி.வி. ஓடுதுங்களே."

அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். நான் செய்த ஒரு பொருள் முதல் தடவையாக ஒருவருக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறது, அதுவும் அவருக்கு. கோயம்புத்தூர் அம்மாவிடம் இதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

கை கழுவியவர் நேராகப் பின்னறைக்குப் போனார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"மாமா, இங்க வாங்க. தொட்டுப் பாருங்க, எப்படிச் சுடுதுன்னு. உள்ள பூரா பஞ்சு. இத இருவத்திநாலு மணி நேரமும் ஓட உட்டா புடிச்சுக்கும். நூலு இருக்கற ஊடு இது."

தறிக்காரரிடம் நெருப்பு என்று சொன்னால் போதும். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "புடிச்சுக்குமுங்களா மாப்ள?"

"கடைக்கு எடுத்துட்டுப் போயி சர்வீஸ் பண்ணித் தர்றேன். ரெண்டு நாள்ல வந்துரும்."

அக்கா எழுந்தாள். "அது எம்பட வேலைச் சாமான். வையிங்க."

"வளரு" என்றாள் அம்மா, "நல்ல நாளும் அதுவுமா."

அப்பா என்னைப் பார்த்தார். கேட்பதுபோலத்தான் பார்த்தார். இது சுடாது, இரண்டு வாரம் முன்தான் துடைத்தேன், கொடுக்க வேண்டாம் அப்பா. மூன்று வாக்கியம். சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வயரைப் பிடுங்கினார். அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், பின்சீட்டில் பழைய வேட்டி விரித்து, ஆடாமல் இருக்க நூல் கயிற்றால் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினார். "பாத்துப் போங்க மாப்ள, பள்ளத்துல மெதுவா உடுங்க."

பைக் போன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. பின்னறைக்குப் போனேன். அக்கா மிஷின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அதுலருந்து அவரால ஒண்ணும் எடுக்க முடியாது."

"கடையில டிஸ்க்க தனியா கழட்டுவாங்க கோகி. நா பாத்திருக்கறேன்."

"கழட்டட்டும். கரண்ட்டப் புடுங்குன அந்த நிமிசமே பூட்டிக்கிச்சு. வாக்கியம் தெரியாம பத்து வருசம் உக்காந்தாலும் தெறக்காது."

"நெசமா?"

"நெசமா."

இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அரை மணி நேரம் முன்னால் எங்கே போயிருந்தது அந்தக் குரல்?

ஆகஸ்ட் 4, திங்கள்

சரசக்கா வீட்டு டிஸ்க்கை எடுத்து வந்து என் லேப்டாப்பில் திறந்தேன். புதன்கிழமை வரை உள்ளது எல்லாம் இருக்கிறது. வியாழன் முதல் ஞாயிறு வரை வந்த பதினோரு பேரின் அளவு மட்டும் இல்லை.

"ஆரு ஆரு?" என்று கேட்டாள் அக்கா. ஆர்டர் சீட்டைப் பார்த்துப் பெயரைப் படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மார்பு, இடுப்பு, தோள், கை, முன்கழுத்து, பின்கழுத்து என்று பதினோரு பேருக்கும் சொன்னாள். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, "அவியளுக்குக் கை ஆறரை. இல்ல, ஆறே முக்கால். மெலிஞ்சுட்டேன்னு சொன்னாங்க, நாந்தான் நம்புல" என்றாள்.

தனக்கு எந்த மெமரியும் தேவையில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். இருந்தாலும் நகலெடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாமா அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பாவுக்குத் தறிச் சத்தத்தில் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் எல்லோரும் கேட்டோம்.

முதலில் சாந்தமாகத்தான் பேசினார். பெட்டி திறக்க ஒரு பாஸ்வேர்ட் கேட்கிறதாம், கொழுந்தியாளிடம் வாங்கித் தர வேண்டுமாம். அப்பா, "சர்வீசுக்கு எதுக்குங்க மாப்ள உள்ள தெறக்கோணும்?" என்று கேட்டார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். கேள்வி சரியான கேள்வி.

அதற்குப் பிறகு மாமாவின் குரல் வேறாயிற்று.

"சரி, அது கெடக்கட்டும். பழசு பூரா எங்கிட்ட இருக்குது. ஒவ்வொருத்தி முதுகும் இருக்குது. வெள்ளிக்கெழமைக்குள்ள உங்க புள்ளய கொண்டாந்து உட்டுருங்க. இல்லீனா, உங்க புள்ள அத்தனை பேரு போட்டோவையும் எனக்குக் காட்டுனான்னு ஊருக்கே தெரியும். அப்பறம் ஆரு வந்து துணி குடுக்கறாங்கன்னு பாக்கலாம்."

அப்பா போனை வைத்தார். அம்மா, "வளரு, அவரு பாத்தது நெசமா கண்ணு?" என்றாள். அக்கா தலையசைத்தாள். அம்மா அந்த லட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

ஆகஸ்ட் 6, புதன்

அப்பா தறிக்குப் போகவில்லை. காலை ஆறு மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பதினொரு மணிக்குப் பெட்டியை மடியில் வைத்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினார். பக்கவாட்டு மூடியில் இரண்டு திருகு இல்லை.

"குடுத்துட்டாருங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"எம்பட புள்ளைது, குடுன்னேன். குடுத்தான்." அப்பா மாமாவை 'ன்' போட்டுப் பேசியதை ஐந்து வருடத்தில் இன்றுதான் கேட்டேன். "அவிய அம்மா தண்ணி கொண்டாந்து வெச்சாங்க. குடிக்கல."

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் தண்ணீரை மறுத்துவிட்டால், அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து வாக்கியத்தை அடித்தேன். திறந்தது. ஒரு கோப்பும் குறையவில்லை. இருந்தாலும் ஒருவர் கையில் மூன்று நாள் இருந்த பெட்டி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து லினக்ஸ் போட்டேன், புது வாக்கியத்தோடு. அளவுகளையும் படங்களையும் பிரதியிலிருந்து திரும்ப ஏற்றினேன். இந்தத் தடவை டி.வி.யை அம்மாவே அணைத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் அக்காவும் அப்பாவும் மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வந்தார்கள். மூன்று கருவிகள் ஓடிய பக்கத்தையும், ஆடிப் பதினெட்டு அன்று 1.10 முதல் என் போனுக்கு வந்த ஐந்து முயற்சித் தகவல்களையும் அச்செடுத்து இணைத்திருந்தேன். எழுத்தர் அம்மா, "இத ஆரு எடுத்தது?" என்று கேட்டாராம். "என் தங்கச்சி" என்றாளாம் அக்கா.

ஆனால் மனு அவர் கையில் இருக்கும் படங்களை அழிக்காது. அது எனக்குத் தெரியும். என் பெட்டி இனிமேல் வருவதைக் காப்பாற்றும், போனதைக் காப்பாற்றாது. இதை அக்காவிடம் சொல்ல ரொம்ப நேரம் வார்த்தை தேடினேன். அவள் அதற்குள் வேறு இடத்துக்குப் போயிருந்தாள்.

"அவரு சொல்றதுக்கு முன்னால நாமளே சொல்லிப்போடலாம்."

"ஆருகிட்ட?"

"எல்லார்த்துகிட்டயும். இருநூத்திப் பதினாலு பேருகிட்டயும்."

"மெசேஜா அனுப்பலாமா?"

"மெசேஜு சுத்தி வரும் கோகி. ஒவ்வொருத்தரையா கூப்புட்டுச் சொல்லோணும். பாதி உனக்கு."

என்னால் போனில் பேச முடியாது. கேஸ் புக் செய்வதற்குக்கூட அம்மாவைப் பேசச் சொல்பவள் நான். அக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் பட்டியலை நடுவில் கோடு போட்டுக் கிழித்தாள்.

முதல் எண்ணை அவள்தான் அழைத்தாள், மேட்டுத்தெரு டீச்சரை. முழுவதையும் சொன்னாள், மச்சத்தையும் சேர்த்து. அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அக்கா பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை. யாரும் யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை.

நேற்றிலிருந்து நான் அழைத்தது நாற்பது பேர். முதல் ஐந்து பேருக்கும் எழுதி வைத்துப் படித்தேன். "வணக்கமுங்க, நான் வளர்மதி தங்கச்சி கோகிலவாணி பேசறேனுங்க. நீங்க அக்காவுக்கு அனுப்புன போட்டோவ இன்னொருத்தர் பாத்துட்டாருங்க. அக்காவோட வீட்டுக்காரர். அக்காவுக்குத் தெரியாம. இப்ப அந்த வழி அடச்சாச்சுங்க. போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சுங்க. மன்னிக்கோணும்." ஆறாவது ஆளிலிருந்து தாள் தேவைப்படவில்லை.

மூன்று பேர் திட்டினார்கள். ஒரு பெண் அழுதாள். நான் போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன், அதுவே போதுமாக இருந்தது போல. ஏழு பேர் இனி தைக்கக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். ஒருவர், "எம்பட முதுகப் பாத்து அவன் எனத்தக் கண்டான், எருமை முதுகாட்டம்" என்று சிரித்துவிட்டுப் பிறகு சிரிப்பு நின்று, "அவங்கடையில இனி ஒரு ரீசார்ஜு கூடப் பண்ணமாட்டேன்" என்றார். டீச்சர் திரும்பக் கூப்பிடவில்லை.

நாற்பத்தொன்றாவது பாவாயி அம்மா. முன்னாள் கவுன்சிலர். அவர் பேசினால் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும்.

நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்: "எம்படதையும் பாத்தானா?"

"பாத்திருப்பாருங்க. உங்களுதும் அதுல இருந்துச்சுங்க."

"மழுப்பாம சொல்றயே. இன்னம் எத்தன பேருக்குச் சொல்லோணும்?"

"எம்பட பங்குல அறுபத்தாறு பேருங்க."

"நீ ஒருத்தியா கூப்புட்டு எப்ப முடிக்கறது? பேசற சத்தமே கெணத்துக்குள்ளருந்து வர்றாப்புல இருக்குது. அந்த லிஸ்ட்ட எனக்கு அனுப்பு. எம்பட வார்டுல இருக்கறவியளுக்கு நானே சொல்லிப்போடறேன். நாஞ்சொன்னா ஒருத்தியும் வளருகிட்டத் துணி குடுக்கறத நிறுத்தமாட்டா."

உண்மை. அவர் சொன்னால் நிறுத்த மாட்டார்கள். அவருக்கு இருக்கும் வாய்க்கு அறுபத்தாறு பேர் ஒரு சாயங்காலம். பக்கத்தில் அக்கா வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்; அவளைக் கேட்க முடியாது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்லீங்கம்மா" என்றேன்.

"எனத்த இல்ல?"

"அவிய பேரு, நம்பரு எதையும் உங்களுக்குக் குடுக்க முடியாதுங்க. ஆரு ஆரு எங்ககிட்டத் தெக்கறாங்கங்கறது அவியவிய விசயமுங்க. நானே கூப்புட்டுக்கறேன்."

அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. பாவாயி அம்மா பேசாமல் இருந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கெஞ்சவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. காத்திருந்தேன்.

"நா கேட்டாலும் குடுக்கமாட்ட."

"மாட்டேனுங்க."

"நாளைக்கு வேற ஆராச்சும் எம்படத கேட்டா?"

"அப்பவும் மாட்டேனுங்க."

பெருமூச்சு ஒன்று வந்தது. "சரி போ. எம்பட அளவு அங்கயே இருக்கட்டும்."

அவர் பெயருக்கு நேரே புள்ளி வைத்துவிட்டு நாற்பத்திரண்டாவது எண்ணை அழுத்தினேன்.